புழுதிக்குள் ஒரு கை

காளை அந்த ஆளைக் குத்திய சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. படத்தை அப்புறம்தான் பார்த்தேன். நேரலையில் அப்படி ஒரு தாமதம் உண்டு. தெருவில் நடப்பது கேமராவில் ஏறி, என் லேப்டாப்பில் சுருங்கி, டவருக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, எதிரில் வைத்திருக்கும் போனில் வந்து விழுவதற்குச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகள் நான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். கீழே பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள். போன் திரையில் அவன் இன்னும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உயிரோடு நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம் திரையிலும் காளை வந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் திருப்பதியில் வீடியோ தொழில் செய்கிறோம். அவர் கேமரா பிடிப்பார், நான் மெஷினில் உட்காருவேன். ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் எடுப்போம். பொங்கல் வந்துவிட்டால் மாடு விடும் திருவிழா. சித்தூர் ஜில்லாவில் ஊருக்கு ஊர் இது நடக்கும். காளையின் கொம்பில் சாமிப் படம் ஒட்டிய பலகையைக் கட்டி, குறுகலான தெருவில் விரட்டி விடுவார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் சுவர் மாதிரி நிற்பார்கள். ஓடுகிற காளையின் மேல் பாய்ந்து பலகையைப் பறிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் யாருக்காவது விலா உடையும், தொடை கிழியும். அதைப் பார்க்கத்தான் கூட்டம். அதைப் பார்க்கத்தான் எங்கள் சேனலுக்கும் ஆட்கள் வந்தார்கள்.

மாடு விடும் வீடியோவைப் போல மெஷினைச் சாகடிக்கும் வேலை வேறு கிடையாது. வீடியோவைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பேர். அது ஒரு முழுப் படத்தை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து வருவதில் எது மாறியதோ அதை மட்டும் எழுதும். கல்யாண மேடையில் ஐயரின் கை அசையும், புகை அசையும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அதைச் சுருக்குவது சுலபம். மாடு ஓடும் தெருவில் மாறாதது ஒன்றுமில்லை. ஆயிரம் கைகள், கிழித்து எறிந்த காகிதம், எல்லாவற்றுக்கும் மேலே புழுதி. எழுத இடம் போதாமல் போனால் கோடெக் மெல்லியதையும் மங்கலானதையும் முதலில் தூக்கி எறியும். பெரியதையும் அழுத்தமானதையும் வைத்துக்கொள்ளும். நாங்கள் முதல் வருஷம் போட்ட வீடியோவின் கீழே ஒருத்தர், "மாடா இது? களி கிண்டன மாதிரி கீது" என்று எழுதியிருந்தார்.

அந்த வார்த்தை என்னைத் தின்றது. அடுத்த பொங்கலுக்குள் எல்லாக் கோடெக்கையும் ஒரே புழுதித் துண்டை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். எச்.264 எந்தப் போனிலும் ஓடும், ஆனால் புழுதி வந்தால் கட்டம் கட்டமாக உடையும். எச்.265 பாதி இடத்தில் அதே தரத்தைக் கொடுக்கும், ஆனால் புழுதியைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வழித்துவிடும் ஒரு பழக்கம் அதற்கு உண்டு. அதை அணைத்து வைக்கத் தெரிய வேண்டும். ஏவி1 தான் எல்லாவற்றையும்விடச் சின்னதாகச் சுருக்கியது. படமும் அழகாக இருந்தது. சந்தேகப்பட்டு ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தேன். அதில் நான் போட்டிருந்த ஓர் அமைப்பு, நிஜப் புழுதியைத் துடைத்துவிட்டு, ஓட்டும்போது தானாகவே ஒரு புழுதியைத் தூவிக்கொண்டிருந்தது. பார்க்க நிஜத்தைவிட நன்றாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கேமராவில் ஒவ்வொரு பிரேமையும் முழுசாக எழுதும் கனமான முறை. நேரலைக்கும் இணையத்தில் ஏற்றவும் எச்.264. எங்களுக்கென்று வைத்துக்கொள்ள எச்.265, அதுவும் மெதுவாகச் சுருக்கும் அமைப்பில், புழுதியை வழிக்காமல். வீட்டுக்காரருக்கு இதில் சம்மதமில்லை. "கார்டு ரொம்பிக்கினே கீது, மாடு வர்ற நேரத்துல நான் கார்டு மாத்திக்கினு நிக்கணுமா?" என்பார். கேமராவைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் நான் அந்த அமைப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

அந்த ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. தமிழ் பேசுகிற ஊர். கரும்பும் மாவும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் மொட்டைமாடியில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டின் இளைய மகன்தான் செத்தவன். முப்பது வயது இருக்கும். என் பேட்டரியை மாடிக்கு ஏற்றிக் கொடுத்தவன் அவர்களிடம் டிராக்டர் ஓட்டுகிற ஆள், காலனியைச் சேர்ந்தவன். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். டிராக்டர்க்காரன் வீட்டுக்குள் வராமல் வெளிப்பக்கத்து ஏணியில் ஏறித்தான் பேட்டரியைக் கொண்டுவந்தான். "உள்ள வாடா, படி கீது இல்ல" என்று இளையவன் கூப்பிட்டான். அவன் சிரித்துக்கொண்டே ஏணியிலேயே ஏறினான்.

போன வருஷம் டிராக்டர்க்காரன் ஒரு காளையின் பலகையைப் பறித்திருக்கிறான். காலனி ஆள் பலகை பறிக்கலாமா என்று அடிதடி ஆகியிருக்கிறது. இளையவனைக் காட்டிக்கொண்டு இதை அவனே சொன்னான். "இந்த வருசம் என் பின்னாடி நில்லு, எவன் கேக்கறான் பாப்போம்னு அவன்தான் சொல்லிக்கினு கீறான்க்கா" என்றான்.

இளையவனின் அண்ணன் விழாக் கமிட்டியில் இருந்தார். தெருவின் தலைப்பில் நின்று, காளைகளின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தட்டி அனுப்புவது அவர் பொறுப்பு.

வெயில் ஏறிய பிறகு அந்தக் காளை வந்தது. செவலை. தலையைத் தாழ்த்தி, ஓரத்தில் நின்றவர்களைக் கொம்பால் வாரிக்கொண்டே வந்தது. ஒரு பையனின் முகத்தில் கொம்பின் நுனி பட்டுக் கன்னம் திறந்துகொண்டது. ஜனங்கள் பின்வாங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ளினார்கள். அந்த நெரிசலில் இளையவன் தெருவின் நடுவில் போய் விழுந்தான். காளை நிற்கவில்லை. கொம்பு அவன் அடிவயிற்றில் இறங்கியது. தலையை ஒரு தடவை உதறியது. அவன் கொம்போடு மேலே போனான். வெள்ளை வேட்டி ஒரு நொடியில் நிறம் மாறியது. கீழே விழுந்தவனைக் குளம்பால் மிதித்துக்கொண்டு காளை ஓடிவிட்டது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்து உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவில் வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே தள்ளப் பார்த்தான். டிராக்டர்க்காரன்தான் முதலில் ஓடிப்போய்த் தன் துண்டை வைத்து அமுக்கினான். கட்டிலில் போட்டு ஷேர் ஆட்டோவுக்குத் தூக்கினார்கள். புத்தூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

நான் லேப்டாப்பை மூடவே மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். அவர் சட்டையிலும் ரத்தம் தெறித்திருந்தது. "கட்டு, கெளம்பலாம்" என்றார். வேனில் ஏறி உட்காரும்போதே என் போனுக்கு அந்த வீடியோ வந்துவிட்டது. எங்கள் நேரலையிலிருந்து யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். மெதுவாக ஓடவிட்டு, ஒரு கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். டிராக்டர்க்காரனின் கை. அது இளையவனின் முதுகில் படுகிறது. அடுத்த நொடி இளையவன் முன்னால் போய் விழுகிறான். கீழே எழுதியிருந்தது: தள்ளிக் கொன்னுட்டான்.

அந்த ஊரில் அன்றைக்கு ஆளுக்கொரு போன். டவர் திணறிக்கொண்டிருந்தது. நேரலையை நான் மிகவும் இறக்கித்தான் அனுப்பியிருந்தேன், இல்லாவிட்டால் நின்றுவிடும். அதை வெட்டி, மறுபடி சுருக்கி, ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பியதில் முகங்கள் கரைந்து புட்டு மாதிரி உதிர்ந்திருந்தன. ஆனால் அந்தக் கை மட்டும் கறுப்பாக, பெரிதாக, அழுத்தமாக நின்றது.

ஸ்டுடியோவுக்கு வந்ததும் வழக்கம்போலக் கார்டை டிஸ்க்கில் இறக்கி, எச்.265க்கு ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். படத்தைத் திறந்து பார்க்கவில்லை. "நீ பாக்காத. யார் வந்து கேக்கறாங்களோ எடுத்துக் குடுத்துட்லாம்" என்று வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் பார்க்கத் தைரியமில்லை. காலையில் வேலை முடிந்திருந்தது. வழக்கப்படி அந்தப் பிரதியைச் சின்ன டிரைவில் போட்டு வீட்டு பீரோவில் வைத்தேன்.

அதே காலையில் ஊர்க்காரர்கள் காலனிக்குள் போனார்கள்.

டிராக்டர்க்காரன் வீட்டில் இல்லை. அவன் நைனா இருந்தார். வயசானவர், வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறார். உலக்கையை எடுத்து அவர் முழங்கையில் போட்டார்கள். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அம்மாவை மயிரைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து, மகன் இருக்கும் இடத்தைச் சொல்லச் சொல்லி மிதித்தார்கள். வீட்டின் மேல் பெட்ரோல் ஊற்றினார்கள். கட்டியிருந்த ஆடு ஒன்று கயிற்றோடு எரிந்தது. அவனைக் கரும்புக் கொல்லையில் பிடித்தார்கள். வெட்டுக் கரும்பின் அடித்தட்டைகள் ஈட்டி மாதிரி நிற்கும் அல்லவா, அதன் மேல் அவனைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். போலீஸ் ஜீப் அந்த நேரத்தில் வராவிட்டால் அங்கேயே முடித்திருப்பார்கள். போலீஸ் அவனைக் காப்பாற்றிக் கொண்டுபோய், ஸ்டேஷனில் வைத்து, ஏன் தள்ளினாய் என்று தங்கள் பங்குக்கு அடித்தது.

இதையெல்லாமும் வீடியோ எடுத்திருந்தார்கள். அதுவும் என் போனுக்கு வந்தது.

கருமக் காரியம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். மத்தியான நேரம். மொட்டை அடித்த தலையில் வியர்வை வழிந்தது. கண் வீங்கியிருந்தது. நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"எம்மா, ஒங்ககிட்ட பெரிய படம் கீதாமே. தெளிவா தெரியுமாமே. போடு. போலீசுக்குக் குடுக்கறதுக்கு மின்னாடி நான் பாக்கணும்."

"வேணாங்க. தம்பியை அந்தக் கோலத்துல நீங்க பாக்காதீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"தள்னவன் கைய நான் பாக்கணும். போடுமா."

போட்டேன். பெரிய திரையில், ஒரு விநாடிக்கு ஐம்பது படம் என்று, ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இந்தப் படம் அந்தப் போன் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு நாள் மாதிரி இருந்தது. இளையவனின் காதோரத்து முடி தெரிந்தது. டிராக்டர்க்காரனின் விரல்களில் இருந்த கிரீஸ் மசி தெரிந்தது. கை முதுகுக்குப் போனது. அண்ணன் திரைக்கு மிக அருகில் வந்துவிட்டார். அவர் மூச்சு என் தோளில் பட்டது.

கை தள்ளவில்லை. விரல்கள் மடங்கிச் சட்டையைப் பிடித்தன. அடுத்தடுத்த படங்களில் சட்டை பின்னால் இழுபட்டு, முன்பக்கத்துப் பித்தான் ஒன்று தெறித்துப் பறந்தது. துணி தோள்பட்டையில் கிழிந்தது. டிராக்டர்க்காரன் முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தான். ஆனாலும் இளையவன் முன்னாலேயே போனான். மேலுடம்பு பின்னால் நிற்க, கால் முன்னால் போனது.

"காலு ஏன் அப்டி போவுது?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

நான் படத்தைக் கீழ்ப்பக்கம் நகர்த்தினேன். புழுதிக்குள், புழுதியின் நிறத்திலேயே, ஒரு மெல்லிய கோடு இருந்தது. காளை தலையை ஆட்டிய வேகத்தில் அதன் கழுத்திலிருந்து முன்னால் வீசப்பட்டு, இளையவனின் கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அது இறுகியது.

"இது இன்னாது?"

"கயிறு" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவிழ்க்காமல் விட்ட கழுத்துக் கயிறு. கூட வந்த இருவரும் அண்ணனைப் பார்த்தார்கள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வலது கை, எதையோ அவிழ்ப்பது போல, விரலால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அழிச்சிடு" என்றார்.

"அண்ணா, போலீஸ் வச்சிக்கச் சொல்லி கீறாங்க" என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

அவர் முடிக்கவில்லை. அண்ணன் மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். கூட வந்தவர்களில் ஒருவன் கீழே ஓடி, டயர் கடையிலிருந்து இரும்பு லீவரை எடுத்துக்கொண்டு வந்தான். முதல் அடி கம்ப்யூட்டர் பெட்டியில் விழுந்தது. அடுத்தது டிஸ்க்கில். மூன்றாவது, குறுக்கே நீட்டிய என் வீட்டுக்காரரின் மணிக்கட்டில். கரும்பு ஒடிகிற சத்தம் கேட்டது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்து கையைப் பார்த்தார். கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கேமராவிலிருந்து கார்டை உருவி, கல்லில் வைத்து நசுக்கினார்கள். நான் குறுக்கே போனபோது ஒருவன் என்னைக் கழுத்தைப் பிடித்துக் கதவோடு அழுத்தினான். கால் தரையில் இல்லை. அவன் தோளுக்கு மேலே அண்ணனைப் பார்த்தேன். உடைந்த டிஸ்க்கை வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியும் தகடும் விரலைக் கிழித்து ரத்தம் கொட்டியது. அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

"எங்கனா இன்னொன்னு கீதா?" என்று என்னைக் கழுத்தைப் பிடித்தவன் கேட்டான்.

"இல்ல."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. மூச்சு வரவில்லை என்பதால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மணிக்கட்டில் கம்பி வைப்பதற்குள் எனக்குப் பயம் கோபமாக மாறியிருந்தது. அவர் மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "பீரோல கீதா?" என்றுதான். இருக்கிறது என்றேன். "அந்தப் பையன அடிச்சே கொன்னுடுவானுங்க. போய்க் குடுத்துட்டு வந்துடு" என்றார். சின்ன டிரைவை ஜாக்கெட்டுக்குள் வைத்து, வீட்டிலிருந்த லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சர்க்கிள் இன்ஸ்பெக்டர் களைத்துப்போன மனிதர். என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஏம்மா, ஒரிஜினல் உந்தா, லேதா?"

"லேது சார். பகலகொட்டாரு."

ஒரிஜினல் இல்லை, உடைத்துவிட்டார்கள் என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். மிச்சப் பேச்சும் தெலுங்கில்தான் நடந்தது, தமிழில் சொல்கிறேன். என்னிடம் இருப்பது மறுபடி சுருக்கிய பிரதி என்று விளக்கினேன். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அது ஓடவில்லை. அந்தப் பழைய மெஷினுக்கு எச்.265 தெரியாது. என் லேப்டாப்பில் ஓட்டினேன். பக்கத்திலேயே ஊர் முழுக்கச் சுற்றிய அந்தத் துண்டையும் வைத்தேன். ஒரே நொடி, இரண்டு படம். ஒன்றில் கையும் இருந்தது, கயிறும் இருந்தது. மற்றதில் கை மட்டும்.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஒரே கேமரா எடுத்ததுதானே? இதில் இருக்கிற கயிறு அதில் எங்கே போனது?"

"மெல்லிசா, மண் நிறத்துல இருக்கறத முதல்ல விட்டுடும் சார். இடம் பத்தலன்னா."

"சரி. விட்டுவிடும் என்கிறாய். அதே சாஃப்ட்வேர், இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைக்காதா?"

வைக்காது என்று சொல்லிவிட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஏவி1 தூவிய பொய்ப் புழுதி ஞாபகத்துக்கு வந்தது. நிஜத்தைவிட நன்றாக இருந்த புழுதி. அதோடு, இழுத்த கையைத் தள்ளிய கையாகக் காட்டியதும் ஒரு கோடெக்தானே.

"வைக்கிற கோடெக் இருக்கு சார். இதுல நான் அதைப் போடல. ஆனா போடலன்னு நான் சொல்றதைத் தவிர உங்களுக்கு வேற வழியில்ல."

அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். திரும்பி வந்து, கயிறு இறுகுகிற இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். "பிணத்தின் காலை நான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. செருப்பு வார் என்று நினைத்துவிட்டேன்" என்றார். போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டருக்குப் போன் போட்டார். நான் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே எங்கேயோ ஒருவன் வலியில் முனகிக்கொண்டிருந்தான். அது டிராக்டர்க்காரன்தான் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டரும் கயிற்றுத் தடம்தான் என்று சொல்லியிருக்கிறார். அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். விரல்களில் கட்டோடு வந்து, யார் மேலும் தனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கயிற்றைப் பற்றி அவர் பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அனுமதியில்லாமல் மாடு விட்டதாகக் கமிட்டி மேல் ஒரு கேஸ் போட்டார்கள். எங்கள் ஸ்டுடியோவை உடைத்ததற்கும் வீட்டுக்காரரின் கைக்கும் புகார் கொடுத்தோம். அது இன்னும் நடக்கிறது. காலனியில் வீட்டைக் கொளுத்தியவர்களை அடையாளம் காட்ட ஆள் இல்லை என்றார்கள். அந்த வீடியோவில் நெருப்பும் புகையும் மட்டும் தெளிவாக இருக்கிறது. முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கின்றன. அதன் ஒரிஜினல் எந்தப் போனில் இருக்கிறது என்று யாரும் தேடவில்லை.

டிராக்டர்க்காரனை விட்டுவிட்டார்கள். மாம்பழ சீசன் தொடங்கும் நேரத்தில் அவன் ஸ்டுடியோவுக்கு வந்தான். ஒரு காலை இழுத்து நடந்தான். முதுகில் கரும்புத் தட்டை கிழித்த தழும்புகள் சட்டைக்குள்ளிருந்து கழுத்து வரை ஏறியிருந்தன. நைனாவுக்குக் கை நேராகவில்லை என்றான். குடும்பத்தோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகப்போவதாகச் சொன்னான்.

"அக்கா, எனக்கு அத காட்டு" என்றான்.

"வேணாம்பா. முடிஞ்சிபோச்சி இல்ல?"

"எல்லாரும் பாத்துட்டாங்க. நான்தான் பாக்கல."

புது மானிட்டரில் போட்டேன். வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அவன் முழுசாகப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பிரேமாகத் தள்ளச் சொன்னான். பித்தான் தெறிக்கும் இடம் வந்தது. துணி கிழிவது வந்தது. அவனுடைய விரல்களில் கிழிந்த சட்டைத் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் படம் வந்தது.

"இங்க நிறுத்து."

நிறுத்தினேன்.

"இங்க நான் அவன் கைய புடிச்சிருக்கணும்க்கா. சட்டைய புடிச்சிட்டேன்."

"உனக்கு நேரமே இல்லப்பா. பாரு, இதுக்கும் அதுக்கும் நடுவுல கண்ணு மூடித் தெறக்கற நேரம்கூட இல்ல."

"கீது. இத பாரு, கை இங்க கீது. எட்டற தூரத்துலதான் கீது." திரையில் இளையவனின் இடது கையைத் தொட்டுக் காட்டினான். உண்மைதான். எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்தத் தெளிவில் அது நன்றாகவே தெரிந்தது. "மறுபடி வுடு" என்றான்.

மறுபடி விட்டேன். அவன் தன் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அந்த நேரத்துக்கு மூடினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தியது. இப்படி எத்தனை தடவை பார்த்தான் என்று எண்ணவில்லை. கடைசியில் நானே மானிட்டரை அணைத்தேன். அவன் கோபப்படவில்லை. டீ வாங்கிவரச் சொல்லிக் குடிக்க வைத்தேன்.

போகும்போது, "அத அழிச்சிடாதக்கா" என்றான்.

அடுத்த பொங்கலுக்கு நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. வீட்டுக்காரரால் பழையபடி கேமராவைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஸ்டாண்டில் வைத்துக் கல்யாணம் மட்டும் எடுக்கிறார். கல்யாணத்துக்கு எச்.264 போதும். இப்போதெல்லாம் நான் கேமராவைச் சரிபார்க்காமலே கொடுத்துவிடுகிறேன், ஆனாலும் அவரே அந்தக் கனமான அமைப்பைப் போட்டுக்கொள்கிறார். பங்காருபாளையம் பக்கம் ஒரு ஊரிலிருந்து போன வாரம் மாடு விடும் திருவிழா நேரலைக்குக் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தோதுப்படாது என்று சொன்னேன். சரி, போனிலேயே போட்டுக்கொள்கிறோம், இப்போது எல்லோரிடமும் நல்ல போன் இருக்கிறது என்றார்கள்.